கருந்துளையைத் தட்டிப் பார்ப்பது எப்படி: விஷ்வேஷ்வரா காட்டிய கணக்கு

ஒலிப்பதிவுக் கூடத்தில் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். புதிய அறை ஒன்றுக்குள் நுழைந்தால் நான் முதலில் செய்வது ஒரு கைதட்டல்தான். அந்த ஒற்றைத் தட்டலுக்கு அறை என்ன பதில் சொல்கிறது, எந்தச் சுருதியில் முனகுகிறது, எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று கேட்டாலே அறையின் அளவும் சுவரின் தன்மையும் பாதி புரிந்துவிடும். கருந்துளையையும் இப்படித்தான் தட்டிப் பார்த்தார் ஒருவர் என்று படித்தபோது, இயற்பியலில் எனக்கிருந்த பயம் கொஞ்சம் விலகியது. அவர் தட்டியது காகிதத்திலும் கணினியிலும்தான்.

அவர் பெயர் சி.வி. விஷ்வேஷ்வரா. (அணை கட்டிய விஸ்வேஸ்வரய்யா வேறு, இவர் வேறு. நான் முதலில் குழம்பினேன்.) 1938-ல் பெங்களூரில் பிறந்தவர். அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் சார்லஸ் மிஸ்னரிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்தவர். 1970-ல் 'நேச்சர்' இதழில் ஒரு சிறிய கட்டுரை எழுதினார். தட்டினால் கருந்துளை தனக்கே உரிய ஒரு சுருதியில் அதிர்ந்து அடங்கும் என்று காட்டிய கட்டுரை அது. அதே அதிர்வை நிஜத்தில் பிடிக்க 45 வருடம் ஆனது.

அந்தச் சுருதியை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு டம்ளர், ஒரு செல்போன், ஒரு ஹெட்போன், கடைசியில் கேட்டுப் பார்க்க ஒரு கணினி இருந்தால் போதும். போனில் இருக்கும் கால்குலேட்டரைப் பக்கவாட்டில் திருப்பினால் அடுக்கு போடும் பொத்தான் வரும், அது தேவைப்படும். பெரிய கணிதம் எதுவும் வேண்டாம், அதை வேறு பலர் ஏற்கெனவே செய்து வைத்துவிட்டார்கள்.

முதலில் டம்ளர்

கணக்குக்குப் போகுமுன் இதைச் செய்துவிடுங்கள். தாண்டிப் போனால் பின்னால் வரும் எண்களுக்கு உயிர் இருக்காது.

எவர்சில்வர் டம்ளர் ஒன்றைக் காலியாக மேஜைமேல் வையுங்கள். ஆள்காட்டி விரலில் தடிமனான துணியைச் சுற்றிக்கொண்டு அதன் விளிம்பை மெதுவாகத் தள்ளுகிற மாதிரி தொடுங்கள். என்ன கேட்கிறது? ஒன்றும் இல்லை. டம்ளர் கொஞ்சம் நகரும், அவ்வளவுதான். இப்போது துணியை எடுத்துவிட்டு நகத்தால் ஒரு சுண்டு சுண்டுங்கள். டிங் என்று ஒலித்து மெல்ல அடங்கும். பேனாவால் தட்டுங்கள், சாவியால் தட்டுங்கள். தட்டிய கணத்தில் வரும் 'டக்' பொருளுக்குப் பொருள் மாறும். அதற்குப் பின்னால் வரும் டிங் மாறாது. அது டம்ளருடையது.

விஷ்வேஷ்வரா செய்ததும் இதேதான். முதலில் அவர் கேட்ட கேள்வி வேறு: கருந்துளையைச் சற்றே கலைத்தால் அது பழைய நிலைக்குத் திரும்புமா, இல்லை கலைசல் பெருகிக்கொண்டே போய்ச் சிதறுமா? சுழலாத கருந்துளைக்கு ஷ்வார்ட்ஸ்சைல்டு 1916-ல் ஐன்ஸ்டீனின் சமன்பாடுகளிலிருந்து கண்ட தீர்வைக் கலைத்துப் பார்க்கும் சமன்பாட்டை ரெட்ஜேவும் வீலரும் 1957-லேயே எழுதியிருந்தார்கள். அதில் இருந்த சில பிழைகளை எடெல்ஸ்டைன் என்பவரோடு சேர்ந்து விஷ்வேஷ்வரா திருத்தினார். சுழலாத கருந்துளை சிதறாது, நிலையாக இருக்கும் என்று காட்டினார். கருந்துளை என்று ஒரு பொருள் உண்டா என்பதே சந்தேகமாக இருந்த காலம் அது. தொட்டாலே உடைந்துவிடும் பொருள் என்றால் வானத்தில் தேடுவதே வீண். அதனால் இந்த முடிவு அவருடைய புகழ்பெற்ற கட்டுரைக்குச் சற்றும் குறைந்ததில்லை என்பது என் எண்ணம், ஆனால் யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை.

அடுத்து, கருந்துளைமேல் ஈர்ப்பலைத் துடிப்பு (வெளியே நெளிந்து பரவும் அலைதான் ஈர்ப்பலை) ஒன்றை எறிந்தால் திரும்பி வருவது எப்படி இருக்கும் என்று கணினியில் பார்த்தார். அகலமான துடிப்பு என்றால் குறிப்பாக எதுவும் இல்லை, துணி சுற்றிய விரல்தான். துடிப்பைக் குறுக்கிக்கொண்டே வந்து, கருந்துளையின் அளவோடு ஒப்பிடும்படி ஒடுக்கியதும் கதை மாறியது. முதலில் துடிப்பின் எதிரொலி, அதற்குப் பின்னால் ஒரே சுருதியில் ஆடி ஆடிக் குறைந்து அடங்கும் ஒரு வால். எறிந்த துடிப்பை எப்படி மாற்றினாலும் அந்த வாலின் சுருதி மாறவில்லை.

எங்கள் தொழிலில் இதை இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்போம். கைதட்டல் கூர்மையாக இருந்தால்தான் அறை பதில் சொல்லும்.

நிறையை நேரமாக மாற்றுங்கள்

ஒலிக்காரனுக்குக் கிலோகிராம் வேண்டாம், நொடிதான் வேண்டும். நல்லவேளையாக ஐன்ஸ்டீனின் ஈர்ப்புக் கோட்பாட்டில் நிறையை நேரமாக மாற்றிக்கொள்ளலாம். ஈர்ப்பு மாறிலியை நிறையால் பெருக்கி, ஒளிவேகத்தின் மும்மடியால் வகுத்தால் நொடி வரும். சூரியனுக்கு அது 4.925 மைக்ரோ நொடி. இந்த ஓர் எண்ணை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

62 சூரிய நிறை கொண்ட நிஜக் கருந்துளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஏன் 62 என்பது பின்னால் தெரியும். 62 × 4.925 = சுமார் 305 மைக்ரோ நொடி. இந்தக் கருந்துளையின் உலகில் எல்லாமே இந்த அளவின் சில மடங்குகளில்தான் நடக்கும். சுழலவில்லை என்று வைத்துக்கொண்டால் அதன் ஆரம் சுமார் 183 கிலோமீட்டர், குறுக்கே உள்ள தூரத்தை ஒளி கடக்க 1.2 மில்லி நொடி. ஆக, இதை 'நகத்தால்' சுண்ட வேண்டுமானால் தட்டல் மில்லி நொடி அளவில் முடிந்துவிட வேண்டும்.

சுருதி

சுழலாத கருந்துளைக்கு வழி மிக எளிது. 12,000-ஐச் சூரிய நிறைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஹெர்ட்ஸ் கணக்கில் அதிர்வெண் கிடைக்கும். அடங்கும் நேரத்துக்கு 55 மைக்ரோ நொடியை நிறையால் பெருக்குங்கள். அடங்கும் நேரம் என்று நான் சொல்வது, ஒலி முதலில் இருந்ததில் 37 சதவீதமாகக் குறைய ஆகும் நேரம்.

62-க்குப் போட்டால் சுமார் 194 ஹெர்ட்ஸ், 3.4 மில்லி நொடி.

சந்திரசேகரும் டெட்வைலரும் 1975-ல் இந்த எண்களை முறையாகக் கணக்கிட்டார்கள். அதற்கு முன்பே, 1971-ல், வில்லியம் பிரஸ் இவற்றுக்குப் பெயர் வைத்திருந்தார். 'ஏறத்தாழ இயல்பு அதிர்வுகள்' என்று தமிழில் சொல்லலாம். அந்த 'ஏறத்தாழ' ஏன் என்பதற்குக் கொஞ்சம் பொறுங்கள்.

நிஜக் கருந்துளைகள் சுழலும். சுழன்றால் சுருதி ஏறும், அடங்கவும் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும். சுழற்சியை 0 முதல் 1 வரை ஓர் எண்ணால் குறிப்பார்கள். பெர்ட்டி, கார்டோசோ, வில் ஆகிய மூவரும் 2006-ல் கொடுத்த தோராய வாய்பாடு கைக்கணக்குக்கு மிக வசதி. 62 சூரிய நிறை, 0.67 சுழற்சி என்று வைத்து ஒவ்வொரு படியாகப் போவோம்.

ஒன்றிலிருந்து சுழற்சியைக் கழியுங்கள்: 0.33. அதை 0.1292 என்ற அடுக்குக்கு உயர்த்துங்கள்: 0.8665. அதை 1.1568-ஆல் பெருக்கினால் 1.0024. இதை 1.5251-இலிருந்து கழித்தால் 0.5227. கடைசியாக 32,300-ஐ நிறையால் வகுத்து, வந்ததை இந்த 0.5227-ஆல் பெருக்குங்கள். 272 ஹெர்ட்ஸ்.

முதல் தடவை இங்கே வந்து நின்று மண்டையை உடைத்துக்கொண்டேன். ஈர்ப்பலை ஆய்வாளர்கள் சொல்லும் எண் சுமார் 250. என் கணக்கில் 272. சங்கீதம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், இது ஒரு ஸ்வரஸ்தானத்துக்கும் அதிகமான தள்ளல், காது பொறுத்துக்கொள்ளும் பிசிறு இல்லை. அடுக்குப் பொத்தானில் தப்பா, வாய்பாட்டை மாற்றி எழுதிவிட்டேனா என்று இரண்டு மாலை தேடினேன். கடைசியில் பார்த்தால் தப்பு கணக்கில் இல்லை. கருந்துளை எங்கே இருக்கிறது என்பதையே மறந்துவிட்டேன்.

அது சுமார் 130 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அலை அங்கிருந்து வரும் வழியில் பிரபஞ்சம் விரிகிறது, அலையும் நீள்கிறது. டேப்பை மெதுவாக ஓட்டினால் குரல் கனத்துப் போவது போலச் சுருதி இறங்கிவிடுகிறது. இந்தக் கருந்துளைக்கு அந்த நீட்சி 9 சதவீதம். ஆகவே வாய்பாட்டில் 62-க்குப் பதில் 62 × 1.09, அதாவது ஏறக்குறைய 68 போட வேண்டும். 32,300 ÷ 68 = 475. 475 × 0.5227 = 248 ஹெர்ட்ஸ்.

சரி, இப்போது அடங்கும் நேரம். 0.33-க்கு வர்க்கமூலம் 0.5745. 1.42-ஐ அதனால் வகுத்தால் 2.47. அதோடு 0.7-ஐக் கூட்டினால் 3.17. இதற்குத் தரக்காரணி என்று பெயர், மின்னணு படித்தவர்களுக்குப் பழக்கமான சொல்தான். அடங்குமுன் எத்தனை ஆட்டம் தாங்கும் என்பதன் அளவு அது. அதை அதிர்வெண்ணாலும் பை (π) என்ற எண்ணாலும் வகுங்கள்: 3.17 ÷ (3.1416 × 248) = 0.00407. நான்கு மில்லி நொடி.

2015 செப்டம்பர் 14

அன்று அமெரிக்காவின் ஈர்ப்பலை ஆய்வகமான லைகோவின் இரண்டு உணர்விகளிலும் பதிவான அலைதான் இந்த 62. சுமார் 36 சூரிய நிறையும் 29 சூரிய நிறையும் கொண்ட இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றி மோதி ஒன்றாயின. 36-ம் 29-ம் 65. மீதி வந்தது 62. மூன்று சூரியன்களின் நிறை ஈர்ப்பலையாகப் போய்விட்டது. மோதல் முடிந்ததும் புதிய கருந்துளை கோணல்மாணலாக இருந்தது, பிறகு ஆடி அடங்கிச் சீரானது. அந்தக் கடைசி ஆட்டத்துக்குக் கோட்பாடு சொல்லும் எண்கள் சுமார் 250 ஹெர்ட்ஸ், 4 மில்லி நொடி. பதிவும் அதோடு ஒத்துப்போனது.

இந்தக் கருந்துளையை வெளியிலிருந்து யாரும் தட்டவில்லை, பிறந்த அதிர்ச்சியே அதற்குத் தட்டல். 2016 பிப்ரவரியில் செய்தி வெளியானபோது விஷ்வேஷ்வரா இருந்தார், அதற்கு அடுத்த ஜனவரியில் மறைந்தார். பெங்களூரு நேரு கோளரங்கத்தின் முதல் இயக்குநர் அவர். கருந்துளை என்றதும் எல்லோரும் ஹாக்கிங்கைச் சொல்கிறார்கள், சொல்லட்டும். ஆனால் காதில் விழுந்த முதல் கருந்துளைச் சத்தத்தின் கடைசிச் சில மில்லி நொடிகள் இவர் கணக்கில் முன்பே வந்தவை.

கேட்டுப் பாருங்கள்

ஸ்பிரெட்ஷீட் ஒன்றைத் திறங்கள். முதல் பத்தியில் நேரம், 0-வில் தொடங்கி 0.0001 நொடி இடைவெளியில் 300 வரிசை. இரண்டாவது பத்தியில் இரண்டு பொருள்களின் பெருக்கல்: ஒன்று, 250 ஹெர்ட்ஸ் சைன் அலை. மற்றொன்று, நேரத்தை 0.004-ஆல் வகுத்து, எதிர்க்குறி போட்டு எடுத்த எக்ஸ்பொனென்ஷியல். கோட்டுப் படம் வரையச் சொல்லுங்கள்.

எத்தனை அலை தெரிகிறது என்று எண்ணுங்கள். நான் எண்ணியபோது ஏமாந்துவிட்டேன். 250 ஹெர்ட்ஸில் ஓர் ஆட்டத்துக்கு ஆகும் நேரம் 4 மில்லி நொடி, அடங்கும் நேரமும் 4 மில்லி நொடி. ஒரே ஒரு ஆட்டம் ஆடி முடிப்பதற்குள் முதலில் இருந்ததில் 37 சதவீதமாக இறங்கிவிடுகிறது. அடுத்த ஆட்டத்தின் முடிவில் 14 சதவீதம், அதற்கடுத்து 5. மூன்றாவது மேட்டுக்குப் பிறகு படத்தில் நேர்கோடுதான்.

ஒலியாகக் கேட்க, ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் 250 ஹெர்ட்ஸ் சைன் ஒலி ஒன்றை உருவாக்கி, மேலே சொன்ன வேகத்தில் சத்தம் இறங்கும்படி வரைந்துவிடுங்கள். 4 மில்லி நொடியில் 37 சதவீதம், 8-ல் 14, 12-ல் 5, 20-க்கு மேல் ஒன்றுமில்லை. ஹெட்போனில் கேளுங்கள். போன் ஸ்பீக்கர் இந்தச் சுருதியைச் சரியாகத் தராது, வெறும் சொடுக்குதான் கேட்கும்.

'டொப்'. அவ்வளவுதான். டிங் இல்லை. அறை அடங்கும் நேரத்தை நாங்கள் 60 டெசிபல் இறக்கமாக அளப்போம். அந்தக் கணக்கில் இது 28 மில்லி நொடி. இவ்வளவு செத்த அறையை நான் எந்தக் கூடத்திலும் கேட்டதில்லை.

ஆகவே 'கருந்துளை மணி போல் ஒலிக்கிறது' என்று எங்கு பார்த்தாலும் எழுதுகிறார்களே, அது எனக்கு ஒப்பாது. என் மேஜை டம்ளர் இரண்டு நொடிக்கு மேல் ஒலித்தது, அதற்குள் ஆயிரக்கணக்கான ஆட்டம். கருந்துளைக்கோ மூன்று. தலையணையைத் தட்டுவது போல என்றால் பொருத்தம். மெதுவாக ஓட்டினால் மணியாகுமோ என்று பத்து மடங்கு நீட்டியும் பார்த்தேன். சுருதி இறங்கியது, ஆட்டத்தின் எண்ணிக்கை அதே மூன்றுதான். நிறையைக் கூட்டினாலும் அப்படியே. தரக்காரணியில் நிறைக்கு இடமே இல்லை, சுழற்சிக்கு மட்டும்தான் இடம்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது? டம்ளரில் அதிர்வு உலோகத்துக்குள் அடைபட்டிருக்கிறது, காற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கசியும். கருந்துளைக்கு அதிர உலோகமே இல்லை. அதிர்வது அதைச் சுற்றியுள்ள வெளி. ஒளியே வட்டமிடக்கூடிய தூரம் ஒன்று உண்டு, சுழலாத கருந்துளைக்கு அது ஆரத்தைப் போல ஒன்றரை மடங்கு. அதையொட்டிய பகுதியில்தான் அலை சற்றே தங்கிச் சுற்றுகிறது. அங்கிருந்து வெளியே ஒரு பங்கு ஓடிவிடும், உள்ளே ஒரு பங்கு விழுந்துவிடும். இரண்டு பக்கமும் கதவு திறந்த அறை. பிரஸ் வைத்த பெயரில் அந்த 'ஏறத்தாழ' இதனால்தான்: என்றென்றும் ஆடும் இயல்பு அதிர்வு இல்லை, ஆடும்போதே கரையும் அதிர்வு.

திருப்பிப் போடும் கணக்கு

இதுவரை நிறையும் சுழற்சியும் தெரிந்து ஒலியைக் கண்டோம். விஷ்வேஷ்வரா காட்டிய வழியின் நிஜமான பயன் தலைகீழாகப் போவதில் இருக்கிறது. சத்தத்தைக் கேட்டு ஆளை அடையாளம் சொல்வது.

கேட்டது 250 ஹெர்ட்ஸ், 4 மில்லி நொடி என்று வையுங்கள். பை × 250 × 0.004 = 3.14, இதுதான் தரக்காரணி. 0.7-ஐக் கழித்தால் 2.44. 1.42-ஐ அதனால் வகுத்தால் 0.582, அதன் வர்க்கம் 0.338. ஒன்றிலிருந்து கழித்தால் சுழற்சி: 0.66. பிறகு முன்பு போட்ட படிகளில் 0.33-க்குப் பதில் 0.338 போட்டால் 0.52 வரும். 32,300 × 0.52 ÷ 250 = 67. தொலைவு நீட்சிக்காக 1.09-ஆல் வகுத்தால் 62-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

இரண்டு எண் கேட்டோம், இரண்டு எண் கண்டோம். கருந்துளைக்கு நிறை, சுழற்சி என்ற இரண்டைத் தவிர வேறு அடையாளம் இல்லை என்பது ஐன்ஸ்டீனின் அந்த ஈர்ப்புக் கோட்பாட்டின், அதாவது பொதுச் சார்பியலின், வாக்கு. (மின்னூட்டமும் சேரும், ஆனால் வானத்தில் அது நிலைக்காது.)

இங்கே ஓர் எச்சரிக்கை. அடங்கும் நேரத்தை 4-க்குப் பதில் 3 மில்லி நொடி என்று தப்பாக அளந்து அதே கணக்கைப் போடுங்கள். சுழற்சி 0.66-இலிருந்து 0.26-க்கு விழும், 67 என்பது 53 ஆகும். ஒரே ஒரு மில்லி நொடிப் பிசகு! இரைச்சலுக்குள் அடங்கும் ஒலியின் வாலை அளந்து பார்த்தவர்களுக்குத்தான் இந்த வேதனை புரியும். வால் எங்கே முடிகிறது, இரைச்சல் எங்கே தொடங்குகிறது என்று யாராலும் கோடு போட முடியாது. 2015 பதிவில் இதனால் நிறையச் சர்ச்சை.

2025 ஜனவரி 14 அன்று வந்த அலை அதைவிட மூன்று மடங்குக்கும் மேல் தெளிவு. அடங்கி முடிந்த கருந்துளையும் ஏறத்தாழ அதே 63 சூரிய நிறை. அதில் முதன்மைச் சுருதியோடு, இன்னும் வேகமாக அடங்கும் துணைச் சுருதி ஒன்றையும் பிரித்தெடுத்தார்கள். முதல் சுருதியை வைத்து நிறையையும் சுழற்சியையும் கண்டால், இரண்டாவது எப்படி இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். சொன்னபடி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. இருந்தது.

பெரியவை

கை பழகியதும் பெரிய கருந்துளைகளுக்குப் போட்டுப் பாருங்கள். சுழற்சியை விட்டுவிட்டு 12,000 வழியே போதும். நம் பால்வீதியின் நடுவில் இருப்பது சுமார் 43 லட்சம் சூரிய நிறை. அதை 12,000-ஆல் வகுத்தால் ஓர் ஆட்டத்துக்கு எத்தனை நொடி என்று நேராகவே வரும்: 358. ஆறு நிமிடத்துக்கு ஓர் ஆட்டம், நான்கு நிமிடத்தில் அடங்கல். தரையில் இருக்கும் லைகோவுக்கு இவ்வளவு கீழ்ச்சுருதி கேட்காது, நிலநடுக்கமும் கடலலையும் மூடிவிடும். இப்படிப்பட்ட அதிர்வுகளுக்காகத்தான் லிசா என்ற விண்வெளி உணர்விக்கு ஐரோப்பிய விண்வெளி முகமை 2024-ல் அனுமதி கொடுத்திருக்கிறது. 2030-களின் நடுவில் ஏவுவதாகத் திட்டம்.

அப்புறம் எம்87 விண்மீன்திரளின் நடுவில் இருப்பது, 2019-ல் படம் வந்ததே, அது. 650 கோடி சூரிய நிறை. வகுத்தால் சுமார் 5,40,000 நொடி. ஓர் ஆட்டத்துக்கு ஆறே கால் நாள். இதற்கு ஹெட்போன் வேண்டாம், சுவரில் ஒரு நாட்காட்டி மாட்டி வைத்தால் போதும்.